மூன்றாம் முறை வந்த கண்கட்டி: இமைப் புற்றுநோயில் எந்த வழியைத் தேர்வது?

அத்தையின் இடது மேலிமையில் கட்டி முதலில் வந்தபோது நாமக்கட்டியை இழைத்துப் போட்டார். அடங்கவில்லை. உள்ளூர் டாக்டர் ஒருவர் இமையைப் புரட்டி, உள்பக்கம் கீறிச் சுரண்டி எடுத்தார். நான்கு மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் வந்தது. வேறொரு டாக்டரிடம் போனோம், அவரும் சுரண்டினார். இரண்டு முறையும் சுரண்டி எடுத்தது குப்பைக்கூடைக்குப் போனது. மூன்றாம் முறை வந்தபோது கட்டி இருந்த இடத்தில் இமைமுடி நாலைந்து உதிர்ந்திருந்தது. வலி கிடையாது. வலி இல்லாததால் எங்களுக்குப் பயமும் இல்லை.

நகரத்தில் பார்த்த கண் டாக்டர் விளக்கடியில் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "இனிமே சுரண்ட வேண்டாம்மா, துண்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவோம்" என்றார். பத்து நாளில் வந்த ரிப்போர்ட்டில் இருந்த பெயர் செபேசியஸ் கார்சினோமா. தமிழில் சொன்னால் எண்ணெய்ச் சுரப்பியில் எழும் புற்றுநோய்.

அடுத்த ஆறு வாரம் குடும்பத்தில் ஆளுக்கொரு யோசனை. வெட்டிவிடலாம், கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கலாம், சென்னைக்குப் போகலாம், ஊரிலேயே முடிக்கலாம். இப்போது திரும்பிப் பார்த்தால் நாங்கள் ஒப்பிட்டதில் பாதி ஒப்பிடவே வேண்டாதது. ஒப்பிட்டிருக்க வேண்டியதை ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். இமைக்குள் விறைப்பாக ஒரு தட்டு இருக்கிறது. அதில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள்: மேலிமையில் 30 முதல் 40 வரை, கீழிமையில் 20 முதல் 30 வரை. 1666இல் இவற்றை விவரித்த ஜெர்மன் மருத்துவர் மைபோமின் பெயரால் மைபோமியன் சுரப்பிகள் என்கிறார்கள். இவை விடும் எண்ணெய்தான் கண்ணீர் சட்டென்று காய்ந்துபோகாமல் காக்கிறது. சுரப்பியின் வாய் அடைத்துக்கொண்டால் வருவது சாதாரணக் கண்கட்டி. அதே சுரப்பியின் செல்கள் கெட்டுப் பெருகினால் இந்தப் புற்றுநோய். இரண்டும் ஒரே இடத்தில் எழுவதால் முகமும் ஒரே மாதிரி இருக்கிறது. மேலிமையில் சுரப்பிகள் அதிகம் என்பதால் இந்தப் புற்றும் அங்கேதான் அதிகம்.

இணையத்தில் தேடினால் எல்லாப் பக்கமும் 'மிக அரிது' என்கிறது. அந்த வார்த்தையை நம்பி ஏமாறக் கூடாது. வெள்ளைத்தோல் மக்களிடம் இமைப் புற்றுநோய் என்றாலே பெரும்பாலும் பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுதான். அங்கே இமைப் புற்று வந்தவர்களில் நூற்றில் சில பேருக்குத்தான் இது. இந்திய மருத்துவமனைகளின் கணக்கிலோ இமைப் புற்றுகளில் மூன்றில் ஒரு பங்கும், சில இடங்களில் பாதிக்கு மேலும் இதுவேதான். மொத்தத்தில் அரிது என்பது உண்மை. ஆனால் நம் ஊரில் இமையில் புற்று என்றால் முதல் சந்தேகம் இதன் மேல் விழ வேண்டும்.

மறுபடி சுரண்டுவதா, பயாப்சியா என்பது முதல் கேள்வி. இதில் ஒப்பிட ஒன்றுமே இல்லை என்பேன். நடு வயதைத் தாண்டியவருக்கு ஒரே இடத்தில் திரும்ப வரும் கட்டி, இமைமுடி உதிர்வது, மஞ்சள் படிந்த தடிப்பு, ஒரு கண்ணில் மட்டும் மாதக்கணக்கில் தீராத சிவப்பு, இவற்றில் எது இருந்தாலும் சுரண்டியது சோதனைக்கு அனுப்பும் பார்மலின் குப்பிக்குள் போக வேண்டும். எப்படித் துண்டு எடுக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். மேல்தோலை மட்டும் சீவி எடுத்தால், தட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் நோய் அந்தத் துண்டில் வராமலே போகலாம். தட்டையும் சேர்த்து ஆழமாக எடுக்க வேண்டும்.

ரிப்போர்ட் வந்ததும் உடனே ஆபரேஷன் தேதி வாங்குவதா, துண்டை நுண்ணோக்கியில் படித்துச் சொல்லும் இன்னொரு பேத்தாலஜிஸ்டிடம் ஸ்லைடைக் காட்டுவதா? மாமா முதல் பக்கம், நான் இரண்டாவது பக்கம். இந்த நோய் நுண்ணோக்கியின் கீழும் வேஷம் போடும். வேறு வகைப் புற்றான ஸ்குவாமஸ் என்றோ பேசல் என்றோ படித்துவிட வாய்ப்புண்டு. செல்லுக்குள் இருக்கும் எண்ணெய்தான் இதன் அடையாளம். ஆனால் வழக்கமான முறையில் துண்டை மெழுகில் பதிக்கும் முன் ஆல்கஹால் போன்ற திரவங்களில் ஊறவைக்கிறார்கள், அதிலேயே எண்ணெய் கரைந்து போய்விடுகிறது. அந்தக் காலத்தில் ஈரத்துண்டை உறையவைத்து எண்ணெய்ச் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். இப்போது அடிபோஃபிலின் போன்ற புரதச் சாயங்களை மெழுகுத் துண்டிலேயே போட்டுப் பார்க்க முடிகிறது. கண் நோய்களை மட்டுமே படிக்கும் பேத்தாலஜிஸ்ட் இருக்கிற இடத்தில் மறுவாசிப்பு கேட்பதற்கு ஒரு வாரம் செலவாகும். அந்த ஒரு வாரத்தை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். எழுதிக் கேட்டால் பிளாக்கையும் ஸ்லைடையும் கொடுப்பார்கள். பிளாக் என்பது சட்டைப்பைக்குள் அடங்கும் மெழுகுக்கட்டி. மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

அடுத்தது வெட்டுவது. எங்கள் வீட்டுப் பேச்சு முழுக்க 'யார் நன்றாக வெட்டுவார்', 'தழும்பு தெரியுமா' என்ற இரண்டைத்தான் சுற்றி வந்தது. டாக்டர் சொன்னது வேறு: "வெட்டுறது பெரிய விஷயமில்ல. வெட்டின ஓரத்துல நோய் மிச்சம் இருக்கான்னு யார், எப்ப, எப்படிப் பாக்குறாங்க, அதைக் கேளுங்க."

இந்தப் புற்று கட்டியாக மட்டும் நிற்பதில்லை. தோலின் மேலடுக்குக்குள்ளும், வெள்ளைவிழியை மூடியிருக்கும் சவ்வுக்குள்ளும் தனித்தனிச் செல்களாக ஊர்ந்து போகும். பேஜெட்டாய்டு பரவல் என்கிறார்கள். நடுவில் ஓரிடத்தை விட்டுவிட்டு அடுத்த இடத்தில் இருக்கவும் செய்யும். கண்ணால் பார்த்தால் சுத்தமான சவ்வு, அதற்குள் ஆள் உட்கார்ந்திருக்கும். அதனால் சந்தேகமுள்ளவர்களுக்கு ஆபரேஷனுக்கு முன்போ அதோடு சேர்த்தோ சவ்வின் பல இடங்களில் பொட்டுப் பொட்டாகத் துண்டெடுத்து வரைபடம் போடுகிறார்கள். கட்டியைச் சுற்றி 5 மில்லிமீட்டர் அளவு நல்ல தசையையும் சேர்த்து எடுப்பது பொதுவான வழக்கம். அந்த விளிம்பு சுத்தமா என்று பார்க்க மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று மோஸ் முறை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஃப்ரெடரிக் மோஸ் 1930களில் தொடங்கியது. சாதாரணமாக லேபில் வாழைக்காய் வில்லை போடுவது மாதிரி துண்டை இடைவெளி விட்டு நறுக்கிச் சில வில்லைகளை மட்டும் பார்ப்பார்கள். வில்லைக்கும் வில்லைக்கும் நடுவில் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. மோஸ் முறையில் மாங்காய்த் தோலைச் சுற்றிச் சீவி விரித்துப் போடுவது போல, அடியும் ஓரமும் முழுசாக ஒரே தளத்தில் கண்ணுக்கு வரும். எங்கே நோய் மிச்சமோ அங்கே மட்டும் இன்னொரு அடுக்கு எடுத்தால் போதும். இமை போன்ற இடத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் பொன் என்பதால் இது பெரிய லாபம். அகலமாக வெட்டியெடுப்பதோடு ஒப்பிட்டவர்கள் இதில் நோய் திரும்ப வருவது குறைவு என்றே எழுதியிருக்கிறார்கள். குறை என்னவென்றால், இடைவெளி விட்டுப் பரவியிருந்தால் இந்த முறையும் ஏமாறும். அதைவிடப் பெரிய குறை, நம் நாட்டில் இதை முறையாகப் பயின்றவர்கள் கைவிட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். அவர்களிலும் இமையில் கை வைப்பவர் யார் என்று தனியாக விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது ஃப்ரோசன் செக்‌ஷன். நோயாளி மேசையில் இருக்கும்போதே விளிம்புத் துண்டுகளை உறையவைத்து நறுக்கி, அரை மணி நேரத்துக்குள் பேத்தாலஜிஸ்ட் பதில் சொல்லிவிடுவார். சுத்தம் என்றால் வெட்டிய இமையை அன்றைக்கே புதிதாகக் கட்டி முடித்துவிடலாம். ஒரே மயக்கம், ஒரே பில். பெரிய கண் மருத்துவமனைகளில் இதுதான் நடக்கிறது. கட்டியாக இருக்கும் நோயைப் பிடிப்பதில் இது கெட்டி. ஊர்ந்து போகும் தனிச் செல்களைப் பிடிப்பதில் கொஞ்சம் பலவீனம். உறைந்த துண்டில் செல்லின் உருவம் கலங்கிப் போகும், அழற்சி செல்லா நோய் செல்லா என்று அனுபவசாலிக்கே குழப்பம் வரும்.

மூன்றாவதைக் கேட்டதும் எங்கள் வீட்டில் எல்லோரும் முகம் சுளித்தோம். கட்டியை எடுத்துவிட்டு இமையை உடனே கட்ட மாட்டார்கள். துண்டு மெழுகில் பதிந்து, நிதானமாக நறுக்கப்பட்டு, முழு ரிப்போர்ட் வர நான்கைந்து நாள் ஆகும். அதுவரை கருவிழி காயாமல் களிம்பு போட்டு, தேவையானால் தற்காலிகமாகத் தைத்து மூடி வைப்பார்கள். விளிம்பு சுத்தம் என்று எழுத்தில் வந்த பிறகு இரண்டாவது ஆபரேஷனில் இமையைக் கட்டுவார்கள். 'முகத்தில் ஓட்டையோடு ஒரு வாரமா?' என்றார் மாமா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

யோசிக்க யோசிக்க, எங்கள் நிலைமைக்கு மூன்றாவதுதான் சரியாகப் பட்டது. அத்தைக்கு ஏற்கெனவே இரண்டு முறை சுரண்டியிருந்ததால் உள்ளே இடம் கலைந்திருந்தது, சவ்வும் சிவந்திருந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு அரை மணி நேரப் பதிலை நம்பி ஒட்டுப்போட்டு மூடிவிட்டு, ஒரு வாரம் கழித்து முழு ரிப்போர்ட்டில் 'ஓரத்தில் மிச்சம் உண்டு' என்று வந்தால், கட்டிய இமையைப் பிரிக்க வேண்டும். கடன் வாங்கிய தசை வீண், திரும்ப வாங்க இன்னொரு இடமும் இமைக்கு அதிகம் கிடையாது. சின்னக் கட்டி, முதல் முறை, சவ்வு தெளிவு என்றால் ஃப்ரோசன் போதும் என்பேன். திரும்ப வந்தது, பரவலாகத் தடித்தது என்றால் காத்திருந்து கட்டுவதே மேல். மோஸ் கையெட்டும் தூரத்தில் இருந்தால் அதிர்ஷ்டம். அதற்காக இரண்டு மாதம் காத்திருப்பது அதிர்ஷ்டம் இல்லை.

இமையைக் கட்டுவதிலும் வழி ஒன்றல்ல. கால் பங்கு, வயதானவர்களுக்குத் தோல் தளர்வாக இருப்பதால் மூன்றில் ஒரு பங்கு வரை போனாலும், இழுத்து நேராகத் தைத்துவிடலாம். பாதி வரை போனால் கண்ணின் வெளி மூலையிலிருந்து தோலைத் திருப்பிக் கொண்டுவருவார்கள். மேலிமையில் பாதிக்கு மேல் போய்விட்டால் கட்லர்-பியர்ட் முறை. 1955இல் வந்தது, இன்றும் புழக்கத்தில் உண்டு. கீழிமையின் ஓரத்தை ஒரு பாலம் போல விட்டுவிட்டு, அதற்குக் கீழிருந்து முழுத்தடிமனான துண்டை மேலே ஏற்றி மேலிமை இடத்தில் தைப்பார்கள். ரத்த ஓட்டம் பிடிக்கும்வரை ஆறு முதல் எட்டு வாரம் அந்தக் கண் மூடியே இருக்கும். பிறகு வெட்டிப் பிரிப்பார்கள். கீழிமை போனவர்களுக்கு இதேபோல மேலிருந்து இறக்கும் ஹியூஸ் முறை, 1937இலிருந்து இருப்பது. அதிலும் சில வாரம் கண் மூடியிருக்கும்.

மற்றக் கண் நன்றாக இருப்பவர்களுக்கு இது வெறும் பொறுமைச் சோதனைதான். அத்தைக்கு வலது கண்ணில் கண் அழுத்த நோயால் பார்வை போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இடது கண்ணையும் எட்டு வாரம் மூடினால் கக்கூசுக்குப் போக ஆள் வேண்டும். "எட்டு வாரம் குருடியா கெடக்கணும்னா எனக்கு ஆபரேசனே வேண்டாம்யா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இதை நாங்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கட்டுகிற முறையைப் பேசும்போதுதான் வாயில் வந்தது. சொன்னதும் அவர் திட்டத்தையே மாற்றினார். பார்வை போன வலது கண்ணின் மேலிமைக்குள்ளிருந்து தட்டும் சவ்வும் சேர்ந்த ஒரு கீற்றை எடுத்து இடது இமையின் உள்பக்கம் வைப்பது, அதன் மேல் அத்தையின் தொய்ந்த இமைத்தோலையே இறக்கி மூடுவது. எடுத்து ஒட்டிய கீற்றுக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. அதன் மேல் மூடும் தோலாவது உயிர்த்தொடர்போடு இருக்க வேண்டும், இரண்டையும் ஒட்டாகப் போட்டால் இரண்டும் கருகும். அறுபத்தெட்டு வயதில் தோல் தொங்குவது பற்றிக் கண்ணாடி முன் அலுத்துக்கொண்டவருக்கு அந்தத் தொங்கல்தான் கைகொடுத்தது. பத்து நாளில் கண்ணைத் திறந்து பார்த்தார்.

சரி, வெட்டாமலே கரண்ட் வைத்திருந்தால்? ஊரில் எல்லோரும் கேட்டது இதைத்தான். கதிர்வீச்சுக்கு வாரம் ஐந்து நாள் வீதம் ஐந்தாறு வாரம் போக வேண்டும். மேலிமையில் படும் கதிர் கீழே இருக்கும் கண்ணைத் தொடாமல் போகாது. கண் வறட்சி, கருவிழிப் புண், கண்புரை எல்லாம் பின்னால் வரும். நோய் திரும்ப வருவதும் வெட்டியெடுத்தவர்களைவிட அதிகம். ஆபரேஷனைத் தாங்காத உடம்பு, ஒரே அடியாக மறுப்பவர், நரம்பைச் சுற்றியும் நெறியிலும் (நிணநீர்க் கணு) நோய் போயிருப்பதால் ஆபரேஷனுக்குப் பின் கூடுதல் காவல் தேவைப்படுபவர், இவர்களுக்குக் கதிர்வீச்சு நல்ல ஆயுதம். மற்றவர்களுக்கு இரண்டாம் இடம். மெர்க்கல் செல் கார்சினோமா என்று இன்னொரு முரட்டுப் புற்றும் இமையில் வரும், அது கதிருக்கு நன்றாகவே அடங்கும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கரண்டில் சரியாயிற்று என்றால் அவருடைய ரிப்போர்ட்டில் எந்தப் பெயர் இருந்தது என்று முதலில் கேளுங்கள்.

சொட்டு மருந்தும் உண்டு. மைட்டோமைசின் 0.04 சதவீதம், ஒரு வாரம் விட்டு, ஒரு வாரம் நிறுத்தி, இப்படிச் சில சுற்று. சவ்வின் மேலடுக்கில் ஊர்ந்திருக்கும் செல்களுக்கு மட்டும்தான் இது வேலை செய்யும். தட்டுக்குள் இருக்கும் கட்டியைச் சொட்டு மருந்து கரைக்கும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அத்தைக்கு வரைபடத் துண்டு ஒன்றில் நோய் தெரிந்ததால் மூன்று சுற்று விட்டார்கள். கண் எரிச்சலில் ராத்திரியெல்லாம் புலம்பினார்.

கட்டி கண்குழிக்குள் இறங்கிவிட்டவர்களுக்கு வரும் கேள்வி இதைவிடக் கடினம். கண்ணோடு, இமையோடு, குழிக்குள் இருப்பதையெல்லாம் எடுப்பதா, முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிப் பார்ப்பதா? சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டினோடு ஃபுளோரோயுராசில் சேர்த்துச் சில சுற்று கொடுத்து, சுருங்கிய பின் கண்ணைக் காப்பாற்றி ஆபரேஷன் செய்த அனுபவங்களை இந்திய மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அவை சிறு எண்ணிக்கையில் நடந்தவை, இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டவை அல்ல. என் அபிப்பிராயம்: இரண்டு மூன்று சுற்றுக்குப் பின் ஸ்கேனில் கட்டி தெளிவாகச் சுருங்கவில்லை என்றால் கண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. அதற்குள் நோய் காதின் முன்பக்க நெறிக்கோ கழுத்துக்கோ ஓடிவிடும். பழைய பதிவுகளில் இந்த நோயில் முப்பது சதவீதம் வரை இறந்திருக்கிறார்கள். இப்போது அது வெகுவாகக் குறைந்திருக்கிறது என்றால், சீக்கிரம் கண்டுபிடிப்பதால்தான்.

நெறியைப் பற்றியும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. 10 மில்லிமீட்டரைத் தாண்டி இமையின் முழுத்தடிமனுக்கும் போன கட்டிகளுக்கு, நோய் முதலில் ஓடக்கூடிய நெறியைச் சாயம் போட்டுத் தேடி எடுத்துப் பார்க்கும் சென்டினல் பயாப்சியைப் பல டாக்டர்கள் சொல்கிறார்கள். அத்தையின் கட்டி 14. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுத்து அல்ட்ராசவுண்ட் போதும் என்று அத்தை தேர்ந்தெடுத்தார். நான் எனக்கென்றால் பயாப்சியைத்தான் எடுத்திருப்பேன், அவரிடம் வற்புறுத்தவில்லை.

எங்கே போவது? கண் மருத்துவமனையா, புற்றுநோய் மருத்துவமனையா என்று கேட்கிறார்கள். சென்னை எழும்பூரில் 1819இல் தொடங்கப்பட்ட அரசு கண் மருத்துவமனை இருக்கிறது, மதுரையில் 1976இல் தொடங்கிய அரவிந்த் இருக்கிறது, அடையாறில் 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் நிலையம் இருக்கிறது. கட்டி இமையோடு நிற்கும் வரை இமையைக் கட்டத் தெரிந்த ஆக்குலோபிளாஸ்டி டாக்டர்தான் முதல் ஆள். நெறி, கீமோ, கரண்ட் என்று போனால் புற்றுநோய் மருத்துவமனை. இரண்டு இடத்து டாக்டர்களும் ஒருவரோடு ஒருவர் பேசுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த வேலையை ஃபைலைச் சுமந்துகொண்டு நாம்தான் செய்ய வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், ஆபரேஷன் இரண்டு கட்டமாக நடந்தால் இரண்டுக்கும் அனுமதி உண்டா என்று முன்னாலேயே கேட்டுவிடுவது நல்லது.

டாக்டர் நடுவில் சம்பந்தமில்லாமல் ஒன்று கேட்டார்: "உங்க குடும்பத்துல யாருக்காவது பெருங்குடல் கேன்சர், கர்ப்பப்பை கேன்சர் வந்திருக்கா?" முயர்-டோரே என்ற பரம்பரைக் கோளாறில் எண்ணெய்ச் சுரப்பிக் கட்டிகளும் குடல் புற்றும் சேர்ந்து வரும். இமையில் இந்தப் புற்று வந்த பெரும்பாலோருக்கு அது இருப்பதில்லை. இருந்தால் பிள்ளைகளுக்கும் சோதனை வேண்டும். அதே மெழுகுக்கட்டியில் நான்கு புரதச் சாயம் போட்டுப் பார்த்தார்கள். அத்தைக்கு எல்லாம் சரியாக இருந்தது.

புது இமையில் முடி இல்லை. காற்றடித்தால் தூசி விழுகிறது என்ற புகார் நிரந்தரம். முதல் இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, குறைந்தது ஐந்து வருஷம் விடாமல். வரும் மாதம் ஏழாவது செக்கப். காதின் முன்னால் நெறி தட்டுகிறதா என்று தடவிப் பார்க்க அத்தைக்கே பழகிவிட்டது. போன வெள்ளிக்கிழமை கோயில் பிரகாரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் இமையில் கட்டியைப் பார்த்திருக்கிறார். முன்பின் தெரியாத ஆள். பெயரைக்கூடக் கேட்காமல், "இது எத்தனாவது தடவை?" என்று கேட்டாராம்.